இடிச்சா வித்துடணும்

– நான் எதுலயும் இடிக்கல.

– இடிச்சேன்னு நான் சொன்னேனா, வாத்தியாரே?

– வாயால சொல்லல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கறே பாரு, ரோவீனா, அது சொல்றதைவிட மோசம்.

– காத்துல புழுதி பறக்குது, வாயை மூடிக்கிட்டு நிக்கறேன். நீ இறங்கி வந்து பின் சக்கரத்தைப் பாரு. இடது பக்கம். ரிம்மு தரையிலயே உக்காந்துடுச்சு. நம்ம வீடே ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்குது.

– வீடுங்காதே. கேம்பர்னு சொல்லு. வீட்டைத்தான் வித்தாச்சே.

– அதனாலதான் வீடுங்கறேன். தூங்கறது, சமைக்கறது, சண்டை போடறது எல்லாம் இப்ப இந்த டிரக்கு முதுகுல ஏத்தி வெச்சிருக்கற பெட்டிக்குள்ளதானே. நமக்குன்னு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான், எமெட்.

– சரி சரி, அழுகாச்சியா ஆரம்பிக்காதே. பஞ்சர்தான் ஆயிருக்கு. டயர்னு இருந்தா பஞ்சர் ஆகும். இதைப் போய் நம்ம புள்ளை கர்ட்டிஸ்கிட்ட சொல்ற கணக்குல சேர்க்கக் கூடாது.

– எதுல பட்டுப் பஞ்சர் ஆச்சுங்கறதைப் பொறுத்து இருக்கு. வான்கோழி விருந்தன்னைக்கு, மகன், மருமக, பேரப்பிள்ளைங்க எல்லாரும் பார்க்க, என்னன்னு சத்தியம் பண்ணே?

– தெரியாத மாதிரி கேக்கறியே.

– உன் வாயால கேக்கணும்.

– "இனிமே ஒரு தடவை எதுலயாவது வண்டியை இடிச்சா, கேம்பரை வித்துட்டு பாய்ஸிக்கு வந்துடறோம், உன் வீட்டுப் பின்னறையில இருந்துக்கறோம்"னு. போதுமா? அன்னைக்கு வான்கோழியில மருமக என்னமோ கலந்துட்டா. இல்லன்னா அப்படி ஒரு வார்த்தை என் வாயில வருமா?

– வான்கோழி மேல பழியைப் போடாதே, பாவம். வின்னமக்கா பெட்ரோல் பங்க்ல தூணு. அடுத்த மாசமே ஓரிகன்ல பைன் மரம். ரெண்டையும் பார்த்துட்டுத்தான் புள்ளை பயந்துபோய்க் கேட்டான்.

– தூணை ரொம்ப ஓரமா நட்டு வெச்சிருந்தானுங்க.

– மரத்தையும் அவனுங்கதான் நட்டானுங்களா?

– கிளை தாழ்வா இருந்துச்சு, ரோ. இன்னைக்கு அப்படி ஒண்ணும் இல்ல. கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான் ஓட்டினேன்.

– அந்தக் கம்பிப் பாலம் தாண்டறப்போ? மாடு தாண்டக் கூடாதுன்னு கம்பி போட்டிருப்பானுங்களே, அங்க? இடது பக்கம் டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே.

– அது உள்ள உன் கெட்டில் உருண்ட சத்தம்.

– கெட்டிலை நான் துணி சுத்தி அலமாரியில வெச்சிருந்தேன்.

– அப்ப வாணலி. ஏதோ ஒண்ணு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பேண்டு வாசிக்கச் சொல்லிக் குடுத்தவன் நான். எந்தச் சத்தம் எதுல இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?

– தெரியும், தெரியும். சத்தத்துல உன்னை அடிச்சுக்க ஆளு கிடையாது. சரி, என்ன பண்ணப் போறோம்? போன்ல ஒரு கோடுகூட சிக்னல் இல்ல. எல்கோவை விட்டு வந்தப்புறம் எதிர்ல ஒரு வண்டி வரல.

– என்ன பண்றது, ஸ்டெப்னியை மாத்திட்டு வெந்நீர் ஊத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். வெயில் சாயறதுக்குள்ள தண்ணிக்குள்ள கழுத்தளவு உக்காந்திருப்போம், பாரு. ஜாக்கியை எடு.

– இந்த ஜாக்கியா? இது வெறும் டிரக்கைத் தூக்கும். மேல கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, உன் டிரம்பெட்டுன்னு ஒரு குடித்தனமே உக்காந்திருக்கு. தூக்கினா ஜாக்கிதான் நசுங்கும்.

– அடடா.

– அதோட ஸ்டெப்னி எங்க தொங்குது? டிரக்குக்கு அடியில. அதை இறக்கற கம்பியை எந்த ஓட்டையில விடணும்? பம்பருக்கு மேல. அந்த ஓட்டையை எது மறைச்சுக்கிட்டு நிக்குது?

– நான் மாட்டின படிக்கட்டு.

– "மாட்டாதே"ன்னு சொன்னது யாரு?

– நீதான், தாயே. ஏற இறங்க உனக்குச் சுலபமா இருக்கட்டும்னுதானே மாட்டினேன். அதுக்குக்கூடத் திட்டு. சரி, வேற வழி இல்ல. கேம்பரை இறக்கி நிறுத்திடுவோம். இடம் சமமாத்தான் இருக்கு. அதோட நாலு இரும்புக் காலையும் ஊனி மேல தூக்கி, டிரக்கை அடியில இருந்து உருவிட்டா, அப்புறம் டயர் மாத்தறது சின்னப் புள்ளை வேலை.

– உருவறது சுலபம். திரும்ப உள்ள விடறதுதான் வினை.

– அதெல்லாம் பார்த்துக்கலாம். நீ காலுக்கு அடியில வைக்கப் பலகை எடுத்துப் போடு, மண்ணு பொதபொதன்னு இருக்கு. நான் கட்டை அவுக்கறேன்.

– நாலு மூலைக் கொக்கியும் அவுத்துடு. மின்சார ஒயரையும் பிடுங்கு. போன தடவை ஒயரோட இழுத்து உள்ள விளக்கெல்லாம் அணைஞ்சுது.

– அது ஒரு தடவை நடந்தது. கல்யாணம் ஆனதுல இருந்து நான் பண்ணதை எல்லாம் மனசுல பூட்டி வெச்சிருக்கியா?

– பூட்டல. திறந்துதான் கெடக்கு.

– அவுத்தாச்சு. ஒயரும் பிடுங்கியாச்சு. நீ ரிமோட்டை அழுத்து. மெதுவா, நாலு காலும் ஒண்ணாப் போகணும். ஆங்… ஏறுது, ஏறுது. மோட்டார் சத்தம் சுத்தமா இருக்கு. இன்னும் கொஞ்சம்…

– எமெட்!

– என்ன?

– டிரக்கும் சேர்ந்து மேல வருது!

– வராது, அதெப்படி வரும்?

– வருதுய்யா! இந்தப் பக்கம் டயர் தரையை விட்டு எழும்புது! இடது பின் மூலைக் கொக்கி அப்படியே மாட்டியிருக்கு! நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். கிட்டப் போகாதே. கொஞ்சம் இறக்கிக்கறேன். இப்ப அவுரு.

– இது… அவுத்த மாதிரிதானே இருந்துச்சு.

– மூணு அவுத்திருக்கே. இடது பக்கம் பின்னால இருக்கறதை விட்டுட்டே. என் கை தடிமனுக்கு ஒரு கொக்கி, கண்ணு முன்னால பளபளன்னு தொங்குது.

– வெயில் கண்ணுல அடிச்சுது.

– வெயில் உனக்குப் பின்னால இருக்கு.

– ரோ, இப்ப வேலையைப் பார்ப்போமா?

– பார்ப்போம். அவுத்துட்டியா? நான் வந்து தொட்டுப் பார்க்கறேன். ம். இப்ப அழுத்தறேன். ஏறட்டும்… ஏறட்டும்… போதும். டிரக்கை முன்னால எடு. மெதுவா, காத்தில்லாத சக்கரம். நேரா, நேரா… வந்துடுச்சு, நிறுத்து.

– பார்த்தியா, நாலு காலுல எவ்வளவு கம்பீரமா நிக்குது! சேஜ் புதருக்கு நடுவுல ஒரு நாலு கால் மிருகம் மேயற மாதிரி.

– மிருகம் தண்ணி குடிக்கப் போகறதுக்குள்ள டயரை மாத்து. முன் சக்கரத்துக்கு முட்டு குடுத்துட்டேன். ஸ்டெப்னி இறங்குது, பிடிச்சுக்கோ. நட்டை முதல்ல தளர்த்து, அப்புறம் தூக்கு.

– டயர் மாத்தறது எப்படின்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா?

– ஆமா. எங்க அப்பா பண்ணையில வைக்கோல் வண்டி டயரை நான் மாத்தினப்போ நீ ஊருல டிரம்பெட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தே.

– பித்தளைக்குப் பாலிஷ் போடறதும் ஒரு வேலைதான். இந்தா, கழண்டுடுச்சு. அப்பாடி, என்ன கனம்!

– விடு, உருட்டிக்கிட்டுப் போய் ஓரமா நான் வைக்கறேன். நீ ஸ்டெப்னியை மாட்டு.

– என்ன ஆச்சுன்னு பாரு. எங்கயாவது கிழிஞ்சிருக்கா?

– பார்க்க என்ன இருக்கு? காத்துப் போச்சுன்னா போச்சு.

– பக்கவாட்டுல வெட்டு விழுந்திருக்கா? இரும்புல உரசின தடம் எதுவும்…

– இரும்புல எதுக்கு உரசப் போவுது? நீதான் எதுலயும் இடிக்கலையே.

– இல்லதான். சும்மா கேட்டேன்.

– நட்டை இறுக்கு. எதிர் எதிரா இறுக்கு, வரிசையா இறுக்காதே. காபி ஊத்தட்டுமா?

– ஊத்து. அந்த ஹாம் சாண்ட்விச்சையும் எடு. ஊறுகாய் வெள்ளரி ரெண்டு சேர்த்து வை. அப்பாடா, முடிஞ்சுது. எவ்வளவு நேரம் ஆச்சு பார்த்தியா? ஒண்ணுமே இல்ல. கவலைப்பட்டியே.

– இனிமேதான் கவலை. இப்ப இதைத் திரும்ப உள்ள விடணும். சாப்பிட்டுட்டு ஏறு. வாக்கி டாக்கி இந்தா உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.

– நம்ம கேம்பர் கோஷ்டியில இதுக்கு என்ன பேரு தெரியுமில்ல? "விவாகரத்துப் பயிற்சி."

– தெரியும். போன வருஷம் அந்த முகாம்ல பக்கத்து வண்டிக்காரி, புருஷனை வழியிலயே இறக்கி விட்டுட்டுத் தனியாப் போனாளே. ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் இடைவெளிதான் இருக்கு, எமெட். நான் உன் இடது கண்ணாடியில தெரியற மாதிரி நிக்கறேன். கையைப் பார்த்து வா.

– வாக்கி டாக்கியில பேசு, போதும்.

– கையையும் பாரு. வா, பின்னால வா. வா, வா… வலது பக்கம் ஒடி. வலதுன்னேன்! நிறுத்து! காலுல முட்டப் போறே. முன்னால போ.

– சரி, இன்னொரு தடவை.

– வா. என் கையைப் பாரு. இந்தப் பக்கம்னு காட்டறேன் பாரு. இந்தப் பக்கம்… இந்தப் பக்கம், மனுஷா! நிறுத்து! கேம்பர் கால் ஒரு நூல்ல தப்பிச்சுது. கை காட்டினேனே, பார்க்கலையா?

– கண்ணாடி புழுதியா இருக்கு.

– இரு, துடைச்சு விடறேன். இந்தா, பளிச்சுன்னு ஆயிடுச்சு. இப்ப வா.

– வர்றேன்.

– வா… வா… நேரா… கை காட்டறேன், எமெட். கை காட்டறேன்ல?

– காட்டறே, காட்டறே. தெரியுது.

– எத்தனை விரல்?

– என்ன?

– எத்தனை விரல் காட்டறேன்?

– இது என்ன ஸ்கூல் பரீட்சையா?

– சொல்லு, வாத்தியாரே.

– மூணு.

– நான் விரலே காட்டல, எமெட். தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சு ஆட்டிக்கிட்டிருக்கேன். சிவப்புத் தொப்பி.

– சிவப்புத் தொப்பியா?

– ஆமா, எமெட். வண்டியை அணை. அணைச்சியா? நான் வர்றேன். கதவைத் திற.

– ரோ, கோபப்படாதே.

– கோபமா இருக்கேன்னு யாரு சொன்னா? நகரு, பக்கத்துல உக்காந்துக்கறேன். எப்ப இருந்து?

– இலை உதிர ஆரம்பிச்சப்போ இருந்து. இடது கண்ணு. நேர் எதிர்ல இருக்கற ரோடு தெரியுது. இடது ஓரம்தான், இந்தக் கண்ணாடி இருக்கற பக்கம். ஓரம் எல்லாம் பனி மூடின மாதிரி. முதல்ல கண்ணாடி அழுக்குன்னு நினைச்சேன். தினமும் தொடைச்சேன்.

– அந்தத் தூணு?

– தெரியவே இல்ல, ரோ. தூணுன்னு ஒண்ணு அங்க இருந்ததே இடிச்சப்புறம்தான் தெரியும். மரமும் அப்படித்தான். இன்னைக்குக் கம்பிப் பாலத்துல டங்குன்னு கேட்டுச்சே, அதுவும் நீ சொன்ன மாதிரிதான். இரும்புத் தூணுல உரசியிருக்கேன். டயரைக் கிழிச்சுட்டேன். சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வாணலி இல்ல அது. வாணலி சத்தம் எனக்குத் தெரியாதா?

– டாக்டர்கிட்டப் போனியா?

– போகல. போனா சொல்லிடுவான். சொல்லிட்டா லைசென்ஸ் போயிடும், வண்டி போயிடும். அப்புறம் பாய்ஸியில அந்தப் பின்னறை, ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு வேலி. உன்னை அங்க கொண்டு போய் உக்கார வெக்க எனக்கு மனசு வரல. பயந்துட்டேன், ரோ. அவ்வளவுதான். பயந்துட்டேன்.

– நான் பயப்படலையா? குளிர்காலம் முழுக்க இந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு என் வலது முட்டி போச்சு. எதிர்ல லாரி வந்தா ஜெபம் பண்ணுவேன். நீ பாட்டுக்குச் சீட்டியடிச்சுக்கிட்டு ஓட்டுவே.

– தெரிஞ்சிருந்தும் ஏன் கேக்கல?

– கேட்டேனே! "நான் கொஞ்ச நேரம் ஓட்டட்டுமா"ன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "ஒரு பேண்டுக்கு ஒருத்தன்தான் கோல் ஆட்டணும்"னு நீதானே சொன்னே.

– சொன்னேன். முட்டாப்பய. எதிர்ல ஒரு குழந்தை நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? ராத்திரி படுத்தா அதுதான் வருது. சரி, முடிஞ்சுது. இடிச்சுட்டேன். சத்தியம் சத்தியம்தான். சிக்னல் வந்ததும் கர்ட்டிஸுக்குப் போன் போட்டுச் சொல்லிடு, கேம்பரை விலைக்குப் போடச் சொல்லி. என்னால சொல்ல முடியாது, நீ சொல்லு.

– அழறியா?

– புழுதி.

– எனக்கும் புழுதிதான். மூக்கைச் சிந்து. இந்தா கைக்குட்டை. இப்ப இறங்கு.

– எதுக்கு?

– கீழ இறங்குன்னா இறங்கு. நான் ஓட்டறேன். நீ பின்னால நின்னு வழி சொல்லு.

– எனக்குத்தான் கண்ணு தெரியலைன்னு சொல்றேனே!

– வலது கண்ணு இருக்கில்ல? காது இருக்கில்ல? கை இருக்கில்ல? ஒரு கையை டிரக்குல வை, ஒரு கையைக் கேம்பர்ல வை. இடைவெளி குறைஞ்சா சத்தம் போடு. எங்க அப்பாவோட வைக்கோல் டிரெய்லரைக் கொட்டகைக்குள்ள பின்னால விட்டவ நான். அப்ப எனக்கு வயசுக்கு வந்த புதுசு. கொட்டகை வாசல் இதைவிடக் குறுகல். நகரு.

– சீட்டை முன்னால இழுத்துக்கோ. உனக்குக் கால் எட்டாது.

– எட்டும். பேசாதே. போ.

– ரெடி, ரோ. வா. மெதுவா. ஒண்ணு… ரெண்டு… அப்படியே… நடையா வா, ஓட்டமா வேண்டாம். இந்தக் கையில இடைவெளி அப்படியே இருக்கு. கொஞ்சம் வலது. அவ்வளவு வேண்டாம், அரை மாத்திரை. ஆங்! இப்ப நேரா. வா… வா… உன் எஞ்சினைக் கேக்கறேன், பதறாம வருது… வா… இன்னும்… நிறுத்து! நிறுத்து! தட்டுச்சு!

– எது தட்டுச்சு? எதுல தட்டுச்சு?

– டிரக்கோட உள் சுவர்ல கேம்பர் தட்டுச்சு, ரோ! முன்னால முட்டி நின்னுடுச்சு! சரியான இடம்! முதல் தடவையிலயே! ஏ, ராசாத்தி! ஒரே தடவையில உள்ள விட்டுட்டியே! நான் பண்ணா நாலு தடவை முன்னும் பின்னும் ஓடும்!

– ஹூம். நல்லா இருக்கு. சாமி, எவ்வளவு நல்லா இருக்கு! கேம்பரை இறக்கு. கொக்கி நாலையும் நானே மாட்டறேன்.

– மாட்டு, மாட்டு. ரோ, ஒரு பிக்கப்பு வருது. வந்து நின்னுடுச்சு.

– உதவி ஏதும் வேணுமா, பெரியவங்களே? நான் மைட்டே. அந்த மலைக்குப் பின்னால இருக்கற ஆட்டுப் பண்ணை எங்களோடது. தூரத்துல இருந்தே பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். கேம்பர் ரோட்டோரம் தனியா நிக்குதேன்னு வேகமா வந்தா, அதுக்குள்ள ஏத்திட்டீங்க. இவ்வளவு நேரா உள்ள விட்டது யாரு?

– என் பொண்டாட்டி, மா. இவதான்.

– வைக்கோல் டிரெய்லர் ஓட்டின கைன்னு பார்த்ததுமே நினைச்சேன்.

– பாருங்க, நீங்க பார்த்தவுடனே கண்டுபிடிச்சுட்டீங்க. இவருக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. காபி குடிக்கிறீங்களா, மைட்டே? நான் சுட்ட ஆப்பிள் பையும் இருக்கு.

– குடிக்கறேன். பஞ்சரா? ஸ்டெப்னி போட்டாச்சில்ல? அப்ப இனி கையில ஸ்டெப்னி கிடையாது. இந்த ரோட்டுல அப்படிப் போகக் கூடாதும்மா. முன்னால முழுக்கக் கூர்க்கல்லு. அந்தப் பழைய டயரைக் குடுங்க. வண்டியில காத்தடிக்கற மெஷின் இருக்கு, ஓட்டையடைக்கற சாமானும் இருக்கு. ஆட்டுக்காரி வண்டியில அது இல்லாம இருக்குமா?

– வேண்டாம், மா. அது அடைக்கற ஓட்டை இல்ல. நான் கம்பிப் பாலத்துத் தூணுல உரசிக் கிழிச்சுட்டேன்.

– உரசியிருந்தா பக்கம் கிழிஞ்சிருக்கணுமே. எங்க, பார்க்கறேன். புதர்ல சாத்தி வெச்சிருக்கீங்களா? இருங்க, நானே உருட்டிக்கறேன். ம்… பக்கம் சுத்தமா இருக்கு. நல்ல டயர். இந்தா, இங்க இருக்காரு ஐயா. ஆணி.

– ஆணியா?

– கூரையில அடிக்கற ஆணி. தலை தேஞ்சு தட்டையாப் போயிருக்கு, பாருங்க. ரொம்ப நாளா உள்ளேயே குடியிருந்திருக்காரு. கொஞ்சம் கொஞ்சமாக் காத்தை விட்டு, இன்னைக்கு மொத்தமா விட்டுட்டாரு. இதுக்கு நீங்க என்ன பண்ண முடியும்?

– ரோ! கேட்டியா! ஆணி! நான் இடிக்கல!

– கேக்குது, கேக்குது. காது எனக்கும் இருக்கு.

– அப்ப அந்த டங்குன்னு சத்தம்?

– அந்தக் கம்பிப் பாலமா? அதுல ஒரு கம்பி கழண்டு ஆடிக்கிட்டிருக்கு, ஐயா. எந்த வண்டி போனாலும் டங்குன்னுதான் கத்தும். எங்க நாய்கூட அதைக் கேட்டுக் குலைக்கும்.

– கம்பிதான் கத்துச்சு, ரோ! நான் இடிக்கவே இல்ல!

– இந்தாங்க, ஆணியைப் பிடுங்கி அடைச்சுட்டேன். காத்தும் அடிச்சாச்சு. கேக்குதா பாருங்க, எங்கயும் கசியல. எல்கோ வரைக்கும் தாங்கும். அங்க போய் ஒரு தடவை காட்டிக்கோங்க.

– என்ன தரட்டும், மைட்டே?

– காபி குடுத்தீங்களே. இந்த ரோட்டுல நின்ன வண்டியைத் தாண்டிப் போனா எங்க அம்மா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து அடிப்பா. அந்த ஆப்பிள் பை மீதி இருந்தா ஒரு துண்டு, நாய்க்கு.

– நாய்க்கு ஒரு துண்டு, உங்களுக்கு ரெண்டு. பேப்பர்ல சுத்தித் தர்றேன். நல்லா இருங்க, மா.

– போயிட்டு வாங்க. ஊத்துல மேல் குளம் ரொம்பக் கொதிக்கும். கீழ் குளத்துல உக்காருங்க.

– கையைத் தூக்கிக் காட்டறா பாரு. நல்ல பொண்ணு. என்ன ரோ, அப்படிப் பார்க்கறே? சாவியைக் குடு.

– எந்தச் சாவி?

– வண்டிச் சாவி. நான்தான் இடிக்கலையே! சத்தியத்தை மீறல. கணக்கு நேராயிடுச்சு.

– ஆணி உன் டயரைத்தான் குத்துச்சு, எமெட். உன் கண்ணைக் குத்தல. சாவி என் பாக்கெட்டுல இருக்கட்டும்.

– பாரேன், வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா தப்பிச்சிருப்பேன். அநியாயமா உளறிட்டேன்.

– ஏறு. அந்தப் பக்கம்.

– கேம்பர்?

– அதை யாரு விக்கறா? இடிச்சா விக்கணும்னுதானே பேச்சு. யாரு ஓட்டணும்னு எவனும் கேக்கல. ஊத்துல ரெண்டு நாள் ஊறுவோம். திங்கக்கிழமை எல்கோவுல கண் டாக்டரைப் பார்ப்போம், மருந்து போட்டா எவ்வளவு காப்பாத்தலாம்னு கேப்போம். அதுக்கப்புறம் நான் ஓட்டறேன், நீ சீட்டியடி. கர்ட்டிஸ்கிட்ட நானே பேசிக்கறேன்.

– நிஜமாவா? பின்னறை இல்லையா?

– மருமக சமையலறையில நின்னு "இது எங்க இருக்கு, அது எங்க இருக்கு"ன்னு கேக்க என்னால ஆகாது, சாமி. எனக்கு என் கெட்டில் போதும்.

– ரோ… இந்த சீட்டு நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் உக்காந்தா இவ்வளவு தெரியுமா? அங்க பாரு, மான் கூட்டம்! ஒண்ணு, ரெண்டு… ஏழெட்டு இருக்கும். ரோட்டைப் பார்த்துக்கிட்டே இத்தனை வருஷம் இதையெல்லாம் விட்டுட்டேன்.

– நான் எத்தனை தடவை "மான் பாரு, மான் பாரு"ன்னு கத்தியிருப்பேன்.

– கத்தினே. நீ கத்தறதுக்காக ஊம் கொட்டுவேன். மெதுவாப் போ, ஓடறதைப் பார்க்கறேன். ஆமா… ஒண்ணு கேக்கணும்.

– கேளு.

– கழட்டின டயரை நீதானே உருட்டிக்கிட்டுப் போய்ச் சாத்தினே? அவ பார்த்ததுமே ஆணி தெரிஞ்சுது. கழுகு கண்ணு உனக்கு. உன் கண்ணுல படலையா?

– முதல் சுத்துலயே பட்டுச்சு, வாத்தியாரே. அதனாலதான் ஆணியைப் புதர்ப் பக்கமாத் திருப்பிச் சாத்தி வெச்சுட்டு, நீயா எப்ப வாயைத் திறப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்.